கூண்டில் ஏறும்வரை

பகலவன் வக்கீலிடம் நான் இருபத்தாறு வருஷம் குமாஸ்தாவாக இருந்தேன். அத்தனை வருஷத்தில், குற்றப்பத்திரிகையைப் படிக்கக் கேட்டு ஒருவர் சிரித்ததை ஒரே ஒரு முறைதான் பார்த்திருக்கிறேன். சிரித்தவள் பெயர் சாலம்மாள்.

1988 பிப்ரவரி மாதம். கள்ளக்குறிச்சியில் கோர்ட்டுக்கு எதிர் வரிசையில் மாடியில் எங்கள் அலுவலகம். கருவாட்டுக் கூடையைக் கீழே படிக்கட்டு ஓரம் வைத்துவிட்டுத்தான் மேலே வந்தாள். ஆனாலும் வாசனை அவளோடு ஏறி வந்தது. முப்பத்திரண்டு முப்பத்து மூன்று வயது இருக்கும். கறுத்து, எலும்பு தெரிய இருந்தாள். படிக்கத் தெரியாது. "வக்கீலய்யா உங்களண்ட கேக்கச் சொன்னாருங்க" என்று காகிதக் கட்டை நீட்டினாள்.

அவள் புருஷன் பச்சமுத்து அந்த வழக்கில் முதல் எதிரி. கோர்ட் பாஷையில் குற்றம் சாட்டப்பட்டவனுக்கு அதுதான் பெயர். அவனோடு இன்னும் நான்கு பேர். முதல் சாட்சி அதே ஊரைச் சேர்ந்த சுப்புராயன் என்று வாசித்தேன். செப்டம்பர் பதினெட்டாம் தேதி காலை ஆறு மணிக்கு இந்த ஐந்து பேரும் சின்னசேலம் சாலையில் புளியமரத்தை வெட்டிச் சாய்த்ததையும், மறியலில் மாட்டி நின்றிருந்த பஸ்ஸுக்குத் தீ வைத்ததையும் தான் நேரில் பார்த்ததாகச் சொல்லியிருந்தான்.

"இன்னா தேதிங்க?"

"பதினெட்டு."

"கெழம?"

போன வருஷக் காலண்டரைப் புரட்டிப் பார்த்துச் சொன்னேன். "வெள்ளிக்கிழமை."

"அவரு கண்ணால பாத்தேன்னு சொல்லிக்கிறாரா? கையெழுத்து போட்டுக்கிறாரா?"

"போட்டிருக்கார்."

"இன்னொரு வாட்டி படிங்கண்ணா."

மூன்று தடவை படிக்க வைத்தாள். பிறகு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தாள். புருஷன் மேல் வழக்குப் போட்டதில் புத்தி பேதலித்துவிட்டதோ என்று நினைத்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ரொம்ப நல்லதுண்ணா" என்று சொல்லிவிட்டுப் படி இறங்கிப் போய்விட்டாள்.

ஏன் சிரித்தாள் என்பது எனக்கும் வக்கீலுக்கும் தெரிய இரண்டரை வருஷம் ஆயிற்று. அதற்கப்புறம் அவளே எல்லாவற்றையும் என்னிடம் சொன்னாள். அந்த வரிசையிலேயே இதை எழுதுகிறேன்.

பச்சமுத்து கரும்பு வெட்டும் ஆட்களுக்கு மேஸ்திரி. முப்பது பேரைச் சேர்த்துக்கொண்டு ஒவ்வொரு தோட்டமாக இறங்குவான். அவன் கொடுவாள் வீச்சுக்கு மற்றவர்கள் ஈடு கொடுக்க முடியாது என்பார்கள். சுப்புராயனுக்கு ஊரில் பதினான்கு ஏக்கர் கரும்பு. 1986 சீசனில் வெட்டு நடந்துகொண்டிருந்தபோது, தண்ணீர் கொண்டுவரத் தாமதமானதற்காக ஒரு பெண்ணைச் சுப்புராயன் செருப்பால் அடித்தான். பச்சமுத்து கொடுவாளைத் தோளில் போட்டுக்கொண்டு வரப்பேறினான். முப்பது பேரும் பின்னால் போய்விட்டார்கள். வேறு ஆள் கிடைக்காமல் சுப்புராயனின் கரும்பு பூத்து, காய்ந்து, பாதி எடை இழந்தது. ஊரில் எல்லோரும் அதைப் பார்த்துச் சிரித்தார்கள். சுப்புராயனால் அந்தச் சிரிப்பைத் தாங்க முடியவில்லை.

அடுத்த வருஷம் செப்டம்பரில் இடஒதுக்கீடு கேட்டு ஒரு வாரம் சாலை மறியல் நடந்தது. அந்த வாரத்தை இந்தப் பக்கத்தில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். மரங்கள் சாலைக்குக் குறுக்கே கிடந்தன. பஸ் இல்லை, லாரி இல்லை, பால் இல்லை. பச்சமுத்து அந்த வாரம் முழுக்கக் குளிர் காய்ச்சலில் கிழிந்த கம்பளியைப் போர்த்திக்கொண்டு வீட்டில் கிடந்தான். மறியல் முடிந்து இரண்டு வாரம் கழித்துப் போலீஸ் வேன் வந்தது. மரம் வெட்டியவர்கள் யார், பஸ் கொளுத்தியவர்கள் யார் என்று அவர்களுக்குப் பெயர்கள் தேவைப்பட்டன. சுப்புராயன் கொடுத்தான். தன் கரும்பை விட்டுப் போன ஆட்களில் முன்னால் நடந்த ஐந்து பேரின் பெயர்கள்.

ஐந்து பேரையும் எங்கே கொண்டுபோனார்கள் என்று பச்சமுத்துவுக்கே சொல்லத் தெரியாது. மூன்று இடம் மாற்றினார்களாம். ஓர் இடத்தில் அவன் வலது கையைப் பெஞ்சின் மேல் வைக்கச் சொல்லி, "இந்தக் கையிலதானே மரம் வெட்டின?" என்று லத்தியால் அடித்தார்கள். நான்கு விரல்கள் முறிந்தன. கடலூர் சிறையில் நாற்பத்தொரு நாள் இருந்துவிட்டு ஜாமீனில் வந்தபோது விரல்கள் கோணலாகக் கூடிவிட்டிருந்தன. கொடுவாளை எடுத்தான். பிடி நிற்காமல் நழுவி விழுந்தது. மறுபடி எடுத்தான். மறுபடி விழுந்தது. சாலம்மாள் அடுப்படியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் இடது கையால் சாப்பிடக் கூசி, ஆள் இல்லாத நேரம் பார்த்துச் சாப்பிட ஆரம்பித்தான்.

"ஒவ்வொரு வேள சோறு போடறப்பவும் அவன் மொகம்தாண்ணா எனுக்கு முன்னால வரும்" என்றாள் என்னிடம். "மொதல்ல கொடுவாள சாண புடிச்சு வெச்சேன். கரும்புத் தோட்டத்துல ஒளிஞ்சிருந்து அவன் கையத் துண்டா எடுக்கணும்னு. ரெண்டு நாளு போயிக்கூட குந்தினேன். அவன் ஆளுங்களோடவே வந்தான்."

அந்தச் சமயத்தில்தான் குற்றப்பத்திரிகை நகல் வந்தது. நான் வாசித்தேன். அவள் சிரித்தாள்.

காரணம் இதுதான். சாலம்மாளின் தொழில் கருவாடு. கடலூரிலிருந்து ரயிலில் சின்னசேலம் ஸ்டேஷனுக்கு வந்து இறங்கும் கருவாட்டை வாங்கி, கச்சிராயபாளையம் வழியாகக் கல்வராயன் மலைக்கு எடுத்துக்கொண்டு போவாள். ஊர் ஊராக விற்று, பதிலுக்குப் புளியும் கடுக்காயும் சாமையும் வாங்கிக்கொண்டு இறங்குவாள். மறியல் தொடங்குவதற்கு முதல் நாள் மலையேறியவள், பஸ் நின்றுபோனதால் கரியாலூரில் மாட்டிக்கொண்டாள். அங்கே அரசு மருந்தகத்துக்குப் பின்னால் குவார்ட்டர்ஸில் இருந்த நர்ஸ் தங்கமணி அவளுக்குப் பழக்கம். அங்கேயே தங்கினாள்.

பதினெட்டாம் தேதி வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்குச் சுப்புராயன் அந்த மருந்தகத்துக்கு வந்தான். இடது கையில் துண்டு சுற்றியிருந்தது. துண்டு முழுக்க ரத்தம். சாலம்மாள் பின்கட்டு ஜன்னல் வழியாகப் பார்த்தாள். அவன் அவளைப் பார்க்கவில்லை. சந்தனக்கட்டை வாசனை ஜன்னல் வரைக்கும் வந்தது. மலையில் கள்ளத்தனமாக வெட்டிய சந்தனத்தைச் செதுக்குகையில் வாச்சி கையில் இறங்கியிருக்கிறது என்பது யாரும் சொல்லாமலே அவளுக்குப் புரிந்தது. தங்கமணி ஒன்பது தையல் போட்டாள். வெட்டுக்காயமாக இருந்ததால் ரிஜிஸ்டரில், 'விறகு பிளக்கும்போது நானே வெட்டிக்கொண்டது, யார் மீதும் புகார் இல்லை' என்று எழுதி அவனிடம் கையெழுத்து வாங்கினாள். தானே இன்னும் சில வாரத்தில் ஒரு சாட்சியாகப் போகிறோம் என்று அன்றைக்கு அவனுக்குத் தெரியாது. சொந்தப் பெயரிலேயே கையெழுத்துப் போட்டான்.

சாலையெல்லாம் மரம் கிடந்து எந்த வண்டியும் ஓடாத நாளில் காலை ஆறு மணிக்குச் சின்னசேலம் சாலையில் நின்றவன் எட்டு மணிக்குக் கரியாலூரில் தையல் போட்டுக்கொண்டிருக்க முடியாது. சாலம்மாளுக்கு அது தெரிந்திருந்தது. அது தெரிந்த இன்னொரு ஆள் தங்கமணி. ஆனால் தங்கமணிக்கு வழக்கைப் பற்றித் தெரியாது.

அன்றே எங்களிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அதற்கும் காரணம் வைத்திருந்தாள். பச்சமுத்துவின் ஒவ்வொரு வாய்தாவுக்கும் அவளும் வருவாள். வழக்கு எடுக்காமல் தேதி மட்டும் போட்டு அனுப்பினாலும், மதியம் வரை கோர்ட் வராந்தாவில் ஜன்னலோரம் நின்று மற்றவர்களின் வழக்குகளைக் கேட்பாள். "உனக்கு இன்னாம்மா வேலை இங்க?" என்று ஒருநாள் கேட்டேன். "கத்துக்கறேண்ணா" என்றாள்.

ஒரு பம்புசெட் மோட்டார் திருட்டு வழக்கு நடந்தது. அதில் எதிரியின் அண்ணன் வராந்தாவில் நின்று எல்லோர் காதிலும் விழும்படி, "அன்னைக்கு அவன் மணலூர்பேட்டையில கல்யாணத்துல இருந்தான், போட்டோ இருக்குது" என்று கத்தினான். அடுத்த வாய்தாவில் சாட்சி கூண்டில் ஏறி, திருட்டு நடந்தது அதற்கு முந்தின நாள், தேதியைத் தவறாகச் சொல்லிவிட்டேன் என்றான். எதிரிக்கு ஆறு மாசம் கிடைத்தது. சாலம்மாள் அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். தெரிந்ததை எப்போது சொல்வது என்பது தெரியாவிட்டால், தெரிந்து ஒன்றும் ஆகாது என்று அன்று முடிவு பண்ணினாள். சுப்புராயன் கூண்டில் ஏறிச் சத்தியம் பண்ண வேண்டும். தேதியை, நேரத்தை, தன் வாயால் சொல்ல வேண்டும். அதுவரை பச்சமுத்துவிடம்கூடச் சொல்லக் கூடாது.

அவளுக்கு ஒரே பயம் அந்த ரிஜிஸ்டர்தான். பழைய நோட்டுகளைக் கரையான் தின்னும், எடைக்குப் போட்டுவிடுவார்கள். மாதம் இரண்டு முறை கரியாலூருக்குப் போகும்போதெல்லாம் தங்கமணிக்கு நல்ல வஞ்சிரக் கருவாடாக ஒதுக்கி வைத்துக் கொடுப்பாள்.

"அக்கா, அந்த நோட்டு பத்திரமா கீதா?"

"எதுக்கும்மா அதயே கேக்கற?"

"காட்டுங்கக்கா, பாக்கணும்."

தங்கமணி காட்டுவாள். சுப்புராயன் என்ற எழுத்துகளை விரலால் தொட்டுப் பார்ப்பாள். ஒருமுறை, இதில் எது 'சு', எது 'ரா' என்று கேட்டுத் தெரிந்துகொண்டாள். அப்படித்தான் அவள் எழுத்து கற்க ஆரம்பித்தாள். முதலில் படிக்கத் தெரிந்த பெயர் அவனுடையது. அலமாரியில் வேப்பிலையைக் காயவைத்துப் போட்டாள். தங்கமணிக்கு வேறு ஊருக்கு மாற்றல் வரப்போகிறது என்று கேள்விப்பட்டபோதுதான், அவளிடம் மட்டும் முழுவதையும் சொன்னாள். "கூப்ட்டா வந்து சொல்வீங்களாக்கா?" தங்கமணி யோசித்தாள். "நான் எழுதினத நான் எழுதலன்னு சொல்ல மாட்டேன். கூப்பிடு" என்றாள்.

1989-ல் ஆட்சி மாறி, இருபது சதவீத ஒதுக்கீடும் வந்தது. மறியல் வழக்குகளைத் திரும்பப் பெறப்போகிறார்கள் என்று பேச்சு அடிபட்டது. எதிரிகள் எல்லோரும் சேர்ந்து மனுக் கொடுத்தால் பரிசீலிப்பார்கள் என்றார்கள். எங்கள் அலுவலகத்திலிருந்து ஏற்கெனவே போன இரண்டு மனுக்களுக்குச் சாதகமாகப் பதில் வந்திருந்தது. பகலவன் வக்கீல் இவர்களுக்கும் எழுதினார். நான்கு பேர் நேரில் வந்து கையெழுத்துப் போட்டார்கள். பச்சமுத்துவுக்கு அன்று உடம்பு சரியில்லை. "வூட்ல போயி கைநாட்டு வாங்கியாறேன்" என்று சாலம்மாள் மனுவை வாங்கிக்கொண்டு போனாள்.

பச்சமுத்து மனுவைக் கேட்டதும் எழுந்து உட்கார்ந்தான். "கேஸு முடிஞ்சுதா? இனிமே கோர்ட்டுக்குப் போவத் தேவையில்லையா?" கோணல் கையால் பேனா பிடிக்க முடியாமல், இடது கட்டைவிரலில் மை தடவி அழுத்தினான். இரண்டு வருஷத்தில் அன்றுதான் அவன் முகம் தெளிந்திருந்ததை அவள் பார்த்தாள்.

அவள் அந்த மனுவை எங்களிடம் கொண்டுவரவில்லை.

மறுநாள் வந்து, "அவரு கைநாட்டு வெக்க மாட்டேன்னுட்டாருண்ணா. தப்பே பண்ணாதவன் எதுக்கு மன்னிப்பு மனு குடுக்கணும், நெரபராதின்னு தீர்ப்பு வேணும்னு சொல்றாரு" என்று என்னிடம் சொன்னாள். கேட்க நியாயமாகத்தான் இருந்தது. வக்கீல்கூட, "மானஸ்தன்" என்றார். ஐந்தில் ஒருவர் குறைந்ததால் மனு நின்றுபோனது. வீட்டில் பச்சமுத்துவிடம், மேலே அனுப்பியிருக்கிறார்கள், பதில் வரவில்லை என்று சொல்லிவிட்டாள். மற்ற நான்கு பேரும் மேஸ்திரியிடம் அந்தப் பேச்சை எடுக்கக் கூசினார்கள். மனுவைச் சாமை மூட்டைக்குள் வைத்து மலைக்குக் கொண்டுபோய், பெரியார் அருவிக்குக் கீழே தண்ணீரில் கிழித்துப் போட்டாள்.

"அவரு கஷ்டப்படறது தெரிஞ்சுதான் செஞ்சேன்" என்றாள். "கேஸு முடிஞ்சுதுன்னா சுப்புராயன் எப்பிடி கூண்டுல ஏறுவான்? வெள்ள வேட்டி கட்டிக்கினு ஊருல நடந்துக்கினு இருப்பான். எங்க மாமா இடது கையில சோறு தின்னுக்கினு இருப்பாரு. இது எனுக்குப் பொறுக்கலண்ணா."

விசாரணைக்குத் தேதி வந்தது, 1990 ஆகஸ்டில். அதற்கு நான்கு நாள் முன்னால் ஒரு மத்தியானம் அவள் மாடி ஏறி வந்து, பகலவன் வக்கீலின் மேஜைக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து, வெள்ளிக்கிழமை, எட்டு மணி, இடது கை, ஒன்பது தையல், ரிஜிஸ்டர் என்று எல்லாவற்றையும் சொன்னாள். வக்கீல் கண்ணாடியைக் கழற்றினார்.

"இத்த ஏம்மா இத்தினி நாளு சொல்லல?"

"சொல்லியிருந்தா நீங்க எங்கியாவது எழுதியிருப்பீங்க. எழுதியிருந்தா அவனுக்குத் தெரிஞ்சிருக்கும்."

வக்கீல் என்னைத் திரும்பிப் பார்த்தார். அவள் சொன்னது சரி; தெரிந்திருந்தால் அவர் ஏதாவது மனுவில் எழுதித்தான் இருப்பார்.

சுப்புராயன் கூண்டில் ஏறினான். சலவை வேட்டி, திருநீறு, தங்கக் கடிகாரம். சத்தியம் பண்ணிவிட்டு, அரசு வக்கீல் கேட்கக் கேட்க எல்லாவற்றையும் தெளிவாகச் சொன்னான். ஐந்து பேரையும் கைகாட்டினான். சாலம்மாள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். அவன் ஒவ்வொரு வாக்கியத்தையும் முடிக்கும்போது அவள் தலையை ஆட்டியதை நான் பார்த்தேன்.

பகலவன் எழுந்தார். சாதாரணமாகக் கேட்பதுபோலக் கேட்டார்.

"பதினெட்டாம் தேதி காலையில ரோட்டுலதான் இருந்தீங்க?"

"ஆமாங்க. என் கண்ணால பாத்தன்."

"அதுக்கு முன்னால, பின்னால, மலைப் பக்கம் போனீங்களா?"

"அந்த மாசமே மலை ஏறலீங்க. எனுக்கு அங்க இன்னா வேல?"

"இடது கைய கொஞ்சம் காட்டுங்க. அந்தத் தழும்பு?"

சுப்புராயன் கையைப் பார்த்தான். பிறகு வக்கீலைப் பார்த்தான். "கரும்பு வெட்டறப்ப பட்டுது. பத்து வருஷம் ஆவுது."

"சரியா ஞாபகம் இருக்கா?"

"இருக்குதுங்க."

"அவ்வளவுதான், அய்யா" என்று உட்கார்ந்துவிட்டார். சுப்புராயன் சிரித்துக்கொண்டே இறங்கினான். அடுத்த வாய்தாவுக்கு ரிஜிஸ்டரையும் தங்கமணியையும் வரவழைக்கவும், சுப்புராயனை மறுபடி கூண்டில் ஏற்றவும் மனுப் போட்டோம்.

அந்த நாளை நான் மறக்க மாட்டேன். தங்கமணி ரிஜிஸ்டரைத் திறந்து, தான் எழுதிய வரியைப் படித்தாள். தேதி, நேரம், ஒன்பது தையல், மறுநாள் வந்து கட்டு மாற்றியது. கையெழுத்தைச் சுப்புராயனிடம் காட்டினார்கள். "என் கையெழுத்து மாதிரிதான் கீது" என்றான். "மாதிரியா, உங்களதா?" என்று நீதிபதியே கேட்டார். விறகு எங்கே பிளந்தாய், யாருக்காகப் பிளந்தாய், சொந்தமாகப் பதினான்கு ஏக்கர் வைத்திருப்பவன் கூலி விறகு பிளக்கக் கரியாலூருக்கு ஏன் போனாய் என்று பகலவன் ஒவ்வொன்றாகக் கேட்டார். மலைக்குப் போகவில்லை என்றால் கையெழுத்து பொய். போனேன் என்றால் சாட்சி பொய். எதற்குப் போனேன் என்று சொன்னால் சந்தனம் வெளியே வரும். சுப்புராயன் தண்ணீர் கேட்டான். டம்ளரை ஒரே மூச்சில் கவிழ்த்துச் சட்டையெல்லாம் நனைத்துக்கொண்டான்.

அவன் வராந்தாவுக்கு வந்தபோது சாலம்மாள் எதிரே போய் நின்றாள்.

"நான்தான் பாத்தன்" என்றாள். "நர்ஸம்மா வூட்டு ஜன்னல்லருந்து. மூணு வருஷமா பாத்துக்கினே இருக்கறேன்."

அவள் ஒதுங்கி வழி விடவில்லை. அவன்தான் அவளைச் சுற்றிக்கொண்டு போனான். அவள் அன்று வீட்டுக்குப் போய், இரண்டு தட்டு சோறு சாப்பிட்டாளாம்.

அக்டோபரில் ஐந்து பேரும் விடுதலை. பொய்ச் சாட்சி சொன்னதற்காகச் சுப்புராயன் மேல் நடவடிக்கை எடுக்கத் தீர்ப்பிலேயே எழுதினார்கள். வனத்துறையும் அவனைத் தேடி வந்தது. கூட்டுறவுச் சங்கத் தலைவர் ஆக வேண்டும் என்று அலைந்துகொண்டிருந்தவன், அந்தப் பேச்சையே விட்டுவிட்டான். டீக்கடையில் அவன் வந்தால் யாராவது ஒருவர், "மலைக்குப் போயிருந்தியாண்ணா?" என்று கேட்பார்கள். கடைக்கு வருவதையும் நிறுத்திவிட்டான்.

இதோடு நின்றிருந்தால் இதை நான் எழுதியிருக்க மாட்டேன்.

தீர்ப்பு வந்து ஒரு வாரம் கழித்து, நகல் வாங்க எங்கள் அலுவலகத்துக்கு மூன்று பேர் வந்திருந்தார்கள். சாலம்மாள், பச்சமுத்து, பழனி. பழனி வழக்கில் இரண்டாவது எதிரி. பி.ஏ. படித்தவன். லீவில் கரும்பு வெட்டப் போவான். அதனால்தான் சுப்புராயன் வாயில் அவன் பெயரும் விழுந்தது. சாலம்மாளுக்குத் தூரத்து உறவு, அவளை அத்தை என்பான். மூன்று வீடு தள்ளிக் குடியிருந்தான்.

"எனக்கு ரெண்டு நகலு வேணுங்க" என்றான் பழனி. "ஒண்ணு மெட்ராஸுக்கு அனுப்பிப் பாக்கறேன். பிரயோஜனம் இருக்காதுன்னு தெரியும்."

"எதுக்குப்பா?" என்றேன்.

போன வருஷம் அரசு வேலைத் தேர்வு எழுதியிருந்தான். புதிதாக வந்த ஒதுக்கீட்டில் தேர்ச்சியாகி, இளநிலை உதவியாளர் வேலைக்குத் தபாலும் வந்துவிட்டது. ஏப்ரலில் போலீஸ் விசாரணை. வழக்கு நிலுவையில் இருக்கிறது என்று அறிக்கை போயிற்று. ஜூனில் ரத்து என்று கடிதம் வந்தது. அந்த வருஷத்தோடு அவனுக்கு வயது வரம்பும் முடிந்தது. அந்த ஒதுக்கீடு கேட்டு நடந்த மறியலில் அவன் கலந்துகொள்ளவேயில்லை. அதன் பேரில் போட்ட வழக்கு, அந்த ஒதுக்கீட்டிலேயே வந்த வேலையைத் தின்றுவிட்டது. ஊரில் யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல வெட்கமாக இருந்தது என்றான்.

"அன்னைக்கு மாமா அந்த மனுவுல கைநாட்டு வெச்சிருந்தா…" என்று ஆரம்பித்து, பச்சமுத்துவைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டான். "இல்ல மாமா, உங்களச் சொல்லல. உங்க மானம் உங்களுக்கு."

பச்சமுத்து புரியாமல் பார்த்தான். "நான் வெச்சன்டா. இந்த வெரலால வெச்சன்."

நான் சாலம்மாளைப் பார்த்தேன். எல்லோரும் பார்த்தார்கள். அவள் தலையைக் குனியவில்லை.

"ஆமா" என்றாள். "அவரு வெச்சாரு. நான்தான் குடுக்கல."

"ஏன் அத்த?"

"கேஸு நின்னுட்டா அவன் கூண்டுல ஏற மாட்டான்."

பழனி கத்துவான் என்று எதிர்பார்த்தேன். "ஏறிட்டான். எறங்கியும் பூட்டான்" என்றான் மெதுவாக. "அவனுக்குப் பதினாலு ஏக்கரு அப்படியேதான் கீது அத்த. எனுக்கு இன்னா கீது?" நகலை வாங்கிக்கொள்ளாமலே படி இறங்கிப் போனான்.

பச்சமுத்து தன் கையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். "என் கைக்காகன்னு சொல்லாதமே" என்றான் கடைசியில். "நான் வழக்கு போதும்னுதான் ரேகை வெச்சேன். இது உன் பழி." பிறகு என்னைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு எழுந்தான். அவள் பின்னாலேயே போனாள்.

அதற்கப்புறம் பல வருஷம் அவள் கூடையோடு அந்தப் பக்கம் போகும்போது எங்கள் அலுவலகத்துக்கு ஏறி வருவாள். அப்படி வந்த நாட்களில்தான் இதையெல்லாம் சொன்னாள். ஒருநாள் நேராகவே கேட்டேன்: "பழனிக்கு வேலை வரப்போவுதுன்னு தெரிஞ்சிருந்தா மனுவைக் குடுத்திருப்பியா?"

"சுப்புராயனப் பத்தி எல்லாம் தெரியுண்ணா எனுக்கு. எத்தினி தையலு, எந்தக் கையி, எந்த சட்ட போட்டிருந்தான். அந்த நோட்டுல எத்தினியாவது பக்கம். மூணு வூடு தள்ளி ஒரு புள்ள பரீட்ச எழுதினது தெரியல. ராவும் பகலும் வெளக்கு வெச்சுப் படிச்சிருப்பான், என் வாசல் வழியாத்தான் போயிருப்பான்." எழுந்துகொண்டே, "தெரிஞ்சிருந்தா குடுத்திருப்பேன்னு சொல்லத்தான் வாய் வருது. ஆனா பொய் சொல்லக்கூடாது. எனுக்குத் தெரியல" என்றாள்.

பழனியிடம் போய் மன்னிப்புக் கேட்டாளா என்றால், கேட்டாள். அவன் கதவைச் சாத்தவில்லை; உள்ளே கூப்பிடவும் இல்லை. "சரி அத்த" என்றான். அவ்வளவுதான். பிறகு திருப்பூருக்குப் பனியன் கம்பெனிக்குப் போய்விட்டான்.

சுப்புராயன் 1995-ல் இறந்தான். பொய்ச் சாட்சி வழக்கில் அபராதம் கட்டிவிட்டுத் தப்பித்திருந்தான். ஆனால் அதன் பிறகு அவன் நிமிர்ந்து நடந்து யாரும் பார்க்கவில்லை. பிணம் எடுக்கும்வரை தெருவில் யாரும் அடுப்பு மூட்ட மாட்டார்கள். சாலம்மாள் மூட்டினாள். கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, தெருக்கோடி வரை வாசனை போகும்படி நெத்திலிக் கருவாட்டை வறுத்தாள். பச்சமுத்து சாப்பிட மறுத்து எழுந்து வெளியே போய்விட்டான். அவள் தனியாக உட்கார்ந்து முழுவதையும் சாப்பிட்டாள். இதைச் சொல்லும்போதும் அவள் குரல் இறங்கவில்லை. "அத மட்டும் எப்பவா இருந்தாலும் செஞ்சிருப்பேண்ணா" என்றாள்.

மறு வருஷம் பழனிக்குத் திருப்பூரிலேயே கல்யாணம். பத்திரிகை தபாலில் வந்தது. மேலே பச்சமுத்து பெயர் மட்டும் எழுதியிருந்தது; 'குடும்பத்துடன்' என்ற அச்சு வார்த்தையைப் பேனாவால் அடித்திருந்தான். அதை எழுத்துக் கூட்டி வாசித்தது சாலம்மாள்தான். வாசித்துவிட்டு, பச்சமுத்துவின் வேட்டியைத் துவைத்துக் காயப்போட்டாள்.

பச்சமுத்து மட்டும் பஸ் ஏறிப் போய்விட்டு மூன்றாம் நாள் திரும்பி வந்தான்.

"பொண்ணு எப்பிடி கீது?" என்று கேட்டாள்.

"நல்லா கீது. அதுவும் படிச்ச பொண்ணு."

"அவன் இன்னா சொன்னான்?"

"சாப்ட்டுப் போங்க மாமான்னான்."

வேறு ஏதாவது சொன்னானா என்று அவள் கேட்கவில்லை. அவனுக்குச் சோற்றைப் பிசைந்து தட்டில் வைத்துவிட்டு, விடிந்தால் மலைக்குப் போக வேண்டும் என்று கூடையைத் தட்டி எடுத்து வைத்தாள்.